ஆறாவது பாட்டு

அக்கா சொன்ன சொல்லை வாபஸ் வாங்க மாட்டார். சரியோ தப்போ, வாயிலிருந்து வந்துவிட்டால் வந்ததுதான். அவரோடு ஒரு மாசம் பழகியவர்களுக்குக்கூட இது தெரிந்துவிடும். அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதாதே என்று சொல்லியிருக்கிறார். அவரிடம் போய் ஒன்றை மாற்றிச் சொல்லச் சொல்லி மன்றாடும் தெம்பு எனக்கு இப்போது இல்லை.

நான் அவரை முதலில் பார்த்தபோது எனக்கு மஞ்சள் காமாலை. பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம். தேரடி வீதிக்குப் பின்னால் இருந்த ஒரு ரத்தப் பரிசோதனை லேபில், ஸ்டீல் பெஞ்சில் காத்திருந்தேன். எரிச்சலில் பெஞ்சை விரலால் தட்டிக்கொண்டே இருந்தேன் போலிருக்கிறது. உள்ளேயிருந்து ஒல்லியாக ஒரு பெண், கையில் ஊசியோடு வெளியே வந்தார்.

“யாரு தட்டினது?”

“நான்தாங்க. சாரிங்க.”

“ட்ரம்ஸ் வாசிப்பியா?”

“தெரியாதுங்க.”

“தெரியும். காமாலை எறங்கினதும் வா. நீதான் எங்க ட்ரம்மர்.”

ஏதோ விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். கைவிரல்களை மடக்கச் சொல்லி, ரத்தம் எடுத்து, பஞ்சை வைத்து அழுத்தி, வேங்கிக்காலில் ஒரு இடத்துக்கு வழி சொல்லி அனுப்பினார். உடம்பு தேறியதும் என்னதான் என்று பார்க்கப் போனேன்.

அப்போது வேங்கிக்காலில் காலி மனைகள் ஜாஸ்தி. கிட்டார் வாசித்தவரின் மாமா கட்ட ஆரம்பித்துப் பாதியில் விட்ட வீடு ஒன்று அங்கே இருந்தது. கதவு இல்லை, ஜன்னல் இல்லை, சிமெண்ட் பூசாத சுவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, நாலு பேரும் அங்கே கூடுவோம். கிட்டாருக்கு ஒருவர், பேஸ் கிட்டாருக்கு ஒருவர், ட்ரம்ஸுக்கு நான், பாட அக்கா. குழுவுக்குப் பெயர் சூளை. வேதத்தில் மூன்று பேரைத் தீச்சூளையில் தூக்கிப் போடுகிற கதை ஒன்று உண்டு. எட்டிப் பார்த்தால் உள்ளே நாலாவதாக ஒருவர் அவர்களோடு நடந்துகொண்டிருப்பார். அந்தக் கதையிலிருந்து எடுத்த பெயர். நாங்கள் வாசித்தது ஹெவி மெட்டல். கிட்டாரை உறுமவிட்டு, ட்ரம்ஸைப் போட்டு அடித்து, பாட்டைவிடக் கத்தல் அதிகமாக இருக்கும் இசை. நாலு பேரில் நான் மட்டும் கிறிஸ்தவன் இல்லை.

“அக்கா, நான் இதுல எப்படி...” என்று முதல் நாளே இழுத்தேன்.

“நீ எந்தச் சாமியைக் கும்புடறன்றது உன் விஷயம். பீட்டை மட்டும் விட்டுடாத.”

விட்டேன். மாசக்கணக்கில் விட்டேன். கிட்டார்காரர் தலையில் அடித்துக்கொண்டார். போளூரில் நன்றாக வாசிக்கிற பையன் ஒருவன் இருக்கிறான், அவனைக் கூட்டி வரலாம் என்று என் எதிரிலேயே சொன்னார். அக்கா கிட்டார் பெடலின் வயரைச் சரிசெய்துகொண்டே, “இவன்தான்னு சொல்லிட்டேன்” என்றார். என் மேல் நம்பிக்கை இருந்து சொன்னதாக அப்போது நினைத்துச் சந்தோஷப்பட்டேன். சொல்லிவிட்டார், அவ்வளவுதான் என்று பிறகு புரிந்தது. எப்படியோ, அந்த ஒரு சொல்லால் நான் ட்ரம்மர் ஆனேன்.

பேசும்போது அவருக்குச் சின்னக் குரல். லேபில் நோயாளிகள் “இன்னாம்மா சொன்ன?” என்று இரண்டு தடவை கேட்பார்கள். பாடும்போது அது எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. முதல் நாள் அவர் வாயைத் திறந்ததும் பக்கத்துக் கட்டிட வாட்ச்மேன் யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று தண்ணீர்ச் சொம்போடு ஓடிவந்தார்.

அவருடைய அப்பா சபையில் மூப்பர். கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் எங்களுக்கு மேடை கிடைத்ததே அதனால்தான். மூன்றாவது பாட்டில் யாரோ மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டார்கள். அடுத்த வாரம் பெரியவர்கள் எல்லாம் உட்கார்ந்து, இது பிசாசின் சத்தம், இனிமேல் பாட மாட்டேன் என்று எங்கள் முன்னால் சொல்லு என்று அக்காவைக் கேட்டார்கள்.

அவர், “வேதத்துல இருக்கற சங்கீதப் புஸ்தகத்துல பாதிப் பேரு கடவுளைப் பாத்துக் கத்தறாங்க. நீங்கதான் அதைத் தாலாட்டு மாதிரி பாடறீங்க” என்றார்.

“எதிர்த்துப் பேசாத. பாட மாட்டேன்னு சொல்லு, போதும்” என்றார் அப்பா.

“பாடறேன்னு சொல்லிட்டேன்பா.”

அந்தப் பதிலைத் தவிர வேறு பதில் அன்றைக்கு அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இந்தக் குணத்தை நாங்கள் கேலி செய்வோம். ஒருமுறை டவுன் பஸ்ஸில் ஆம்ப்ளிஃபையர் பெட்டியை ஏற்ற விடாமல் ஒரு கண்டக்டர் சண்டை போட்டார். “இனிமே உங்க வண்டில ஏற மாட்டேன்” என்று அக்கா சொன்னார். அதன்பிறகு எத்தனையோ நாள் நான் அவரோடு ஸ்டாப்பில் நின்றிருக்கிறேன். அந்த வண்டி காலியாக வரும், அவர் அசைய மாட்டார். அந்தக் கண்டக்டருக்கே ஒரு கட்டத்தில் மனசு கேட்கவில்லை. நல்ல மழை அன்றைக்கு. வண்டியை நிறுத்தி, படியில் தொங்கிக்கொண்டு, “ஏறும்மா, அத்த இன்னும் மனசுல வெச்சினு இருக்கியா” என்றார். அக்கா குடைக்குள்ளிருந்து சிரித்தார். “கோவம்லாம் எப்பவோ போயிடுச்சுண்ணா. சொல்லிட்டேன்ல. நீங்க போங்க.” உண்மையிலேயே கோபம் இல்லை. கோபம் போனபிறகும் சொல் மட்டும் நின்றுகொண்டிருந்தது. எனக்கு அது கொஞ்சம் பயமாக இருந்தது.

அதே குணத்தால் வேலையும் போயிற்று. கல்யாணம் நிச்சயம் ஆகியிருந்த ஒரு பையனுக்குச் சர்க்கரை இருப்பதாக ரிசல்ட் வந்தது. அக்கா அதை அவனிடம் சொல்லிவிட்டார். பையனின் அப்பா ஊரில் செல்வாக்கானவர். பெண் வீட்டுக்குக் காட்ட வேறு ரிப்போர்ட் வேண்டும் என்று வந்து நின்றார். லேப் முதலாளியும், ஒரு பேப்பர்தானே, அடித்துக் கொடுத்துவிடலாம் என்றார். “இருக்குன்னு அந்தப் பையன்கிட்டயே சொல்லிட்டேனே சார், இப்ப எப்படி இல்லன்னு எழுதறது” என்றார் அக்கா. மறுநாள் வேறு லேபில் வேலை தேடினார். நாங்கள் அவரைப் பற்றி ரொம்பப் பெருமையாகப் பேசிக்கொண்டோம். அப்போது நாங்கள் நல்லதுக்கு மட்டும்தான் அந்தக் குணத்தைப் பார்த்திருந்தோம்.

அக்காவுக்கு ஒரு தங்கை. வீட்டில் கூப்பிடுகிற பெயர் சிட்டு. ஞாயிறு மதியம் பிளாஸ்க்கில் டீயோடு வந்து, சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்து வாரப் பத்திரிகை படிப்பாள். முடிந்ததும் வயர்களைச் சுருட்டிக் கட்டித் தருவாள். எங்கள் சாமான்களை ஏற்ற வாடகை வண்டி ஓட்டி வந்தவன் கீழ்பென்னாத்தூர்க்காரன். நெல்லும் மணிலாக் கடலையும் போடுகிற குடும்பம், எங்கள் வீட்டைப் போல. வயர் சுருட்டுகிற நேரம் நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போனதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. ஒருநாள் இரண்டு பேரும் ரிஜிஸ்தர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டு கீழ்பென்னாத்தூர் போய்விட்டார்கள்.

மூப்பர் மகள் இந்துப் பையனோடு போய்விட்டாள் என்று சபை முழுக்கப் பேச்சு. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் வாசலில் நின்றிருந்தார்கள். நான் ஒரு மைக் ஸ்டாண்டை வாங்கிப்போக வந்திருந்தேன். ஒரு அம்மாள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, “தங்கச்சிகிட்டருந்து எதாச்சும் போன் வந்துச்சாம்மா?” என்று கேட்டார். அக்கா தன் சின்னக் குரலில், “எனக்குத் தங்கச்சி இல்ல” என்றார். பக்கத்தில் நின்ற அவருடைய அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். சொல்லி முடித்த அந்தக் கணமே ஏதோ தவறிக் கீழே விழுந்ததைப் பார்ப்பவர்போல அவர் தரையைப் பார்த்தார்.

அந்த வாரம் ஒரு பாட்டு எழுதிக்கொண்டு வந்தார். கதவு சாத்தியாச்சு, தட்டாதே, இந்த வீட்டில் உன் பாய் இல்லை, உன் தட்டு இல்லை என்று போகும். கடைசியில் சிட்டு என்ற பெயரை எடுத்துக் கத்துவார். மூச்சு தீரும்வரை இழுத்ததில் அது பெயர் என்றே தெரியாமல் போய்விடும்.

செங்கம் ரோட்டில் மாடியில் ஒரு ஸ்டூடியோ இருந்தது. அண்ணாமலையார் மேல் பக்திப் பாட்டு, கிரிவலப் பாட்டு பதிவு செய்கிற இடம். நெற்றி நிறைய விபூதியோடு இருந்த ரெகார்டிஸ்ட் எங்கள் ஆல்பத்தையும் அதே கவனத்தோடு பதிவு செய்தார். ஆல்பத்துக்கு நாலாவது ஆள் என்று பெயர் வைத்தோம். அதில் ஆறாவது பாட்டு இது. முதல் டேக் முடிந்ததும் அவர் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“கடைசில தொண்டை ஒடஞ்சிடுச்சும்மா. இன்னொரு டேக் போலாமா?”

“பாடிட்டேன்ணா” என்று அக்கா கீழே இறங்கிப் போய்விட்டார்.

அப்படியே இருக்கட்டும் என்று விட்டோம்.

சி.டி. போட்டோம். யாரும் வாங்கவில்லை. கிட்டார்காரர் சென்னை போய், பிறகு துபாய் போனார். பேஸ் வாசித்தவர் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போனார். எனக்குக் கலெக்டர் ஆபீஸில் வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, முதுகுவலி வந்தது. அக்கா கல்யாணம் வேண்டாம் என்று எப்போதோ சொல்லியிருந்தார், அதனால் செய்துகொள்ளவில்லை. அவருடைய அம்மா போனார், அப்பா போனார். ஒரே ஊரில் இருந்தும் நானும் அவரும் எப்போதாவது கடைத்தெருவில் பார்த்து, “நல்லா இருக்கியா” என்று கேட்டுக்கொள்வதோடு சரி. இருபது வருஷத்துக்கு மேல் இப்படிப் போயிற்று.

ஒரு பௌர்ணமி நாள். கிரிவலக் கூட்டத்துக்காக ரோட்டை அடைத்திருந்தார்கள், எனக்கு டியூட்டி. வண்டிகளைத் திருப்பி அனுப்பிக் களைத்துப்போய் ஒரு டீக்கடையில் நின்றபோது துபாயிலிருந்து போன்.

“டேய், நம்ம ஆல்பம் திரும்ப வருதுடா! ரீமாஸ்டர் பண்ணி, பெரிய இசைத்தட்டா போடறாங்க!”

ரமணாசிரமம் பக்கம் ரூம் எடுத்துத் தங்கி மௌனம் பழக வந்த ஒரு வெள்ளைக்காரர், அங்கே பழைய புத்தகக் கடையில் எங்கள் சி.டி.யைப் பார்த்திருக்கிறார். ஊருக்குப் போய் இன்டர்நெட்டில் ஏற்றியிருக்கிறார். உலகத்தில் எங்கெங்கோ இருக்கும் ஹெவி மெட்டல் ரசிகர்கள் கேட்டிருக்கிறார்கள். அவருடைய நண்பர்கள் நடத்தும் சின்னக் கம்பெனி ஒன்று கிட்டார்காரரைத் தேடிப் பிடித்திருக்கிறது. மூலப் பதிவை அவர் போகிற இடமெல்லாம் ஒரு பெட்டியில் தூக்கிக்கொண்டு போயிருந்தார். இனி நாலு பேரின் சம்மதம் மட்டும்தான் பாக்கி.

“அக்காகிட்ட நீதான் பேசணும். நீதான் ஊர்ல இருக்க.”

எனக்குச் சந்தோஷமா என்று கேட்டால், அன்றைக்கு இருந்த கால்வலியில் சரியாகத் தெரியவில்லை. சுத்தம் செய்த பாட்டுகளை அவர் போனில் அனுப்பினார். ஆபீஸ் சைக்கிள் ஷெட்டில் உட்கார்ந்து கேட்டேன். பழைய பதிவில் எல்லாம் ஒரே இரைச்சலாக ஒட்டிக்கிடந்தது. இப்போது பிரித்து வைத்திருந்தார்கள். பேஸ் தனியாக, கிட்டார் தனியாகக் கேட்டது. நான் பீட்டை விட்ட இடமெல்லாமும் தெளிவாகக் கேட்டது. ஆறாவது பாட்டில் அக்கா கத்துவதற்கு முன் மூச்சை உள்ளே இழுப்பதுகூடக் கேட்டது. கடைசியில் அந்தப் பெயரும்.

அக்கா அப்போது வேறொரு லேபில் இருந்தார். காலையில் ஸ்கூட்டியில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பார். கூட்டம் குறைந்த நேரம் பார்த்துப் போனேன். தலை பாதி நரைத்திருந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து இயர்போனை மாட்டிக்கொண்டார். முதல் பாட்டில் விரலால் தொடையில் தாளம் போட்டார், சிரித்தார். “நீ இங்க விட்ட பாரு” என்றார். ஆறாவது பாட்டில் விரல் நின்றுவிட்டது. முடிந்ததும் மற்ற பாட்டுகளைக் கேட்காமலே இயர்போனைக் கழற்றினார்.

“நல்லா பண்ணியிருக்காங்க. ஆறாவது வேணாம். எடுத்துடச் சொல்லு.”

எனக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்று தோன்றியது. “அக்கா, அது நீங்க பாடினதாச்சே.”

“அதான் சொல்றேன். வேணாம்.”

“நீங்க சொன்னதை நீங்க...”

“ஆமாண்டா. நான்தான். எடுத்துடச் சொல்லு.” உள்ளே போய்விட்டார்.

அன்றைக்கு ஆரம்பித்த அலைச்சல். துபாயில் கிட்டார்காரர் நம்பவே இல்லை. “அக்காவா? அவங்க வாயால சொன்னாங்களா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கம்பெனிக்காரர்களோ, அந்தப் பாட்டுக்காகத்தான் ஆல்பத்தையே போடுகிறோம் என்றார்கள். தமிழ் தெரியாத அவர்கள், அது கடவுளைக் கூப்பிட்டுக் கதறுகிற பாட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். தங்கள் அறிவிப்பில் இப்படி ஒரு பிரார்த்தனையைக் கேட்டதே இல்லை என்று எழுதியும் விட்டார்கள். அது இல்லாவிட்டால் வேலையை நிறுத்திவிடுவோம் என்றார்கள். கிட்டார்காரர் என்னிடம் அழாத குறை. நான் ஆபீஸுக்கும் லேபுக்கும் நடந்தேன். ஒவ்வொரு தடவையும் அக்கா டெஸ்ட் ட்யூபில் பெயர்ச் சீட்டை ஒட்டிக்கொண்டே, “வேணாம்” என்றார். கடைசியில் ஒருநாள் நானே சலித்துப்போய், “அக்கா, அது சிட்டுவோட பாட்டு. அவளைக் கேக்காம எதுக்கு நாம அடிச்சிக்கறோம்?” என்றேன்.

அக்கா கையிலிருந்ததைக் கீழே வைத்தார். “போய்க் கேளு. அவ என்னா சொல்றாளோ அதான்.”

கீழ்பென்னாத்தூர் கடைவீதியில் சிட்டுவும் அவள் வீட்டுக்காரரும் விதை, உரம், மருந்தடிக்கிற மெஷின் விற்கும் கடை வைத்திருந்தார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு பில் எழுதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, “அண்ணா! ட்ரம்ஸ் அண்ணா!” என்றாள். அவள் வீட்டுக்காரர் என் தோளைத் தட்டி, கூல்டிரிங்ஸ் வாங்கிக் கொடுத்து, நான் எதற்கு வந்தேன் என்று தெரிந்ததும் லோடு இறக்க வேண்டும் என்று பின்பக்கம் போய்விட்டார்.

“அந்தப் பாட்டு எனக்குத் தெரியும்ண்ணா” என்றாள். “அப்பவே யாரோ சி.டி. கொண்டாந்து குடுத்தாங்க. பாய் இல்ல, தட்டு இல்லன்னு வருதில்ல? அதோட நிறுத்திட்டேன். அப்புறம் கேக்கல.”

“முழுசாக் கேளும்மா.”

உர மூட்டைகளுக்கு நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் சட்டென்று போனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். மறுபடி அந்த இடத்தை மட்டும் திரையில் தேய்த்து வைத்துக் கேட்டாள்.

“இது என் பேருதானா?”

“ஆமா.”

“கூப்பிட்டிருக்காளா?” அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “இதை எடுக்கணும்னு அவளே சொன்னாளா?”

“ஆமாம்மா.”

“அப்ப அவளே வந்து சொல்லட்டும். இருவது வருசம் கழிச்சு ஆள் அனுப்பறா பாரு.”

நான் இதை அப்படியே அக்காவிடம் சொன்னேன். போக மாட்டார் என்றுதான் நினைத்தேன். “ஞாயித்துக்கிழமை கடை தொறந்திருக்குமா?” என்று கேட்டார். “வர்றேன்னு சொல்லிடு.”

ஆராதனை முடிந்து, சர்ச்சுக்குக் கட்டிய வெள்ளைப் புடவையோடு வந்தார். அவர் ஸ்கூட்டியில் முன்னால், நான் என் வண்டியில் பின்னால். சோமாசிபாடி தாண்டியதும் ஓரம் கட்டி நிறுத்தினார். இறங்கி நின்று ரோட்டைப் பார்த்தார். லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

“முடியலன்னா திரும்பிடலாம்க்கா” என்றேன்.

“வர்றேன்னு சொல்லிட்டேனே” என்று மறுபடி வண்டியைக் கிளப்பினார்.

கடையில் வேறு யாரும் இல்லை. சிட்டு எழுந்து நின்றாள், வா என்று சொல்லவில்லை. அக்காவும் படியேறாமல் கீழேயே நின்றார். தலை நரைத்த இரண்டு பெண்கள். எங்காவது போய்விடலாம் என்று இருந்தது எனக்கு.

“பாட்டை எடுத்துடறேன்” என்றார் அக்கா.

சிட்டு வேறொன்றைச் சொன்னாள். “அம்மா செத்தப்ப வந்தேன். உள்ள விட மாட்டீங்கன்னு எதிர்ப்பக்கம் பெட்டிக்கடைகிட்ட நின்னேன். வண்டி கெளம்பற வரைக்கும் நின்னேன்.”

“பாத்தேன்.”

“பாத்தியா?”

“பாத்தேன்.”

சிட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டாள். “பாத்துட்டுமா கூப்பிடல?”

“சொல்லிட்டேன்னு இருந்தேன்.” அக்காவின் குரல் எப்போதும்போலச் சின்னதாகத்தான் இருந்தது. “தப்பு. சொன்னப்பவே தப்புன்னு தெரியும். சர்ச் வாசல்ல சொன்னேன் பாரு, வாய மூடறதுக்குள்ளயே தெரிஞ்சிடுச்சு. அத எப்படித் திருப்பி எடுக்கறதுன்னு தெரியல. எனக்கு அது வராது. இப்ப சொல்றேன், தப்பு. பாட்டும் தப்பு. எடுத்துடறேன்.”

ஒரு டிராக்டர் கடந்து போயிற்று. சிட்டு அழவில்லை. களைத்த குரலில்தான் பேசினாள்.

“எடுக்காத.”

“சிட்டு...”

“எடுத்துட்டா, நீ சொன்னதே இல்லன்னு ஆயிடும். சொன்ன இல்ல? நான் இருவது வருசம் கேட்டுனு இருந்தேன் இல்ல? அது இருக்கட்டும். ஆனா சாமிகிட்ட வேண்டறதுன்னு எதோ எழுதியிருக்காங்களாமே, அது வேணாம். யாரைப் பாடினன்னு எழுதச் சொல்லு. இப்ப சொன்னியே, அதையும் எழுதச் சொல்லு.”

அக்கா தலையாட்டினார். சிட்டு ஒரு ஸ்டூலை இழுத்து முன்னால் போட்டாள். அக்கா படியேறி வந்து உட்கார்ந்தார். கொஞ்சநேரம் இருவரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பின்பக்கம் போய் அவள் வீட்டுக்காரரோடு மூட்டை இறக்கினேன். என் முதுகுக்கு அது ஆகாது. ஆனாலும் அங்கே நிற்பதைவிட அது சுலபமாக இருந்தது.

திரும்பி வந்தபிறகு அக்கா சொல்லச் சொல்ல நான் போனில் டைப் செய்து துபாய்க்கு அனுப்பினேன். கிட்டார்காரர் ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுத்தார். கம்பெனிக்காரர்கள் முதலில் கொஞ்சம் ஏமாந்துபோனார்கள் போல. பிறகு இரண்டு மொழியிலும் அட்டையின் பின்பக்கம் அச்சடித்தார்கள். “ஆறாவது பாட்டு என் தங்கையைப் பற்றியது. அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. நான் பாடியது தப்பு. பாட்டு நன்றாக வந்திருக்கிறது.” கடைசி வரி வேண்டுமா என்று நான் கேட்டேன். சொல்லிட்டேன் என்றார்.

பெரிய கருப்புத் தட்டுகள் பார்சலில் வந்தன. எங்கள் யாரிடமும் அதைப் போட்டுக் கேட்கிற மெஷின் இல்லை. கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டோம். கொஞ்ச மாசத்தில் லேபை மூடிவிட்டார்கள். அக்கா வேலூர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்விட்டார். அதன்பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. அக்காவும் தங்கையும் எல்லாம் சரியாகி ஒன்றுக்குள் ஒன்றாகிவிட்டார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி இல்லை. ஞாயிற்றுக்கிழமை அக்காவிடமிருந்து போன் வரும், நாலு வார்த்தை பேசி வைத்துவிடுவார் என்று சிட்டு சொன்னாள். விட்டுப்போன வருஷங்களைப் பற்றி இருவருமே பேசுவதில்லையாம்.

போன வாரம் ஆபீஸ் வேலையாகக் கீழ்பென்னாத்தூர் போனபோது அவள் கடைக்குப் போனேன். உரக் கம்பெனி காலண்டருக்குப் பக்கத்தில், சுவரில் அந்த இசைத்தட்டு அட்டையை ஆணியடித்து மாட்டியிருந்தாள். மணிலா விதை வாங்க வந்த ஒரு பெரியவர் அதில் இருந்த எங்கள் பழைய போட்டோவை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாரும்மா இது?”

“எங்க அக்கா. அது பாடினது.” சிட்டு பில்லிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. “என்னைத் திட்டிப் பாடினது.”

“திட்டியா?”

“ஆமாங்க” என்றாள். “நல்லா பாடுவா.”